பக்கம் தாண்டும் சமிக்ஞை: மின்சுற்று வரைபடத்தில் பெயர்கள் செய்யும் வேலை

புலம்பெயர் நாடுகளில் இலத்திரனியல் படிக்கும் எம் பிள்ளைகளின் கணினித் திரையில், கோடுகளும் பெட்டிகளும் நிறைந்த வரைபடங்களை நாம் பார்த்திருப்போம். இறுதியாண்டுச் செயற்றிட்டம் என்றால் அது ஒரு பக்கத்தில் அடங்காது. மின்வழங்கி ஒரு பக்கத்தில், கட்டுப்படுத்தும் சிப் இன்னொன்றில், மோட்டார் மூன்றாவதில் என்று பிரித்து வரைவார்கள். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குக் கோடு இழுக்க முடியாது. அப்படியானால் சமிக்ஞை எப்படிப் போகிறது?

பெயரால் போகிறது. கம்பியின் மீது வைக்கும் பெயர்ச்சீட்டை ‘லேபிள்’ என்கிறார்கள். ஆனால் எல்லா லேபிளும் ஒரே தூரம் எட்டாது. மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

நாம் இங்கே கீகாட் மென்பொருளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1992இல் பிரான்சைச் சேர்ந்த ஜோன் பியர் சாரா தொடங்கிய இந்த மென்பொருளின் வளர்ச்சிக்கு, ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வு மையமும் பின்னர் உதவியது. இலவசம் என்பதால் மாணவர்கள் பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

லோக்கல் லேபிள்: இது அந்தப் பக்கத்துக்குள் மட்டும் செல்லும். வீட்டுக்குள் ‘தம்பி’ என்று கூப்பிடுவது போல. பக்கத்து வீட்டிலும் ஒரு தம்பி இருப்பான், ஆனால் அவன் வேறு ஆள். இரண்டு பக்கங்களில் ஒரே பெயரில் லோக்கல் லேபிள் வைத்தால் அவை இணையாது.

குளோபல் லேபிள்: இது எல்லாப் பக்கங்களிலும் செல்லும். கோயில் திருவிழாவில் ‘தம்பி’ என்று கத்தினால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பது போல, அதே பெயருள்ள அனைத்தும் ஒன்றாகிவிடும். தரை, 3.3 வோல்ட் போன்ற மின்வழங்கிக் குறியீடுகளும் வழக்கமாக இப்படித்தான் இயங்குகின்றன.

ஹைரார்க்கிக்கல் லேபிள்: இது வீட்டின் படலை. உள்பக்கத்தில் இந்த லேபிளை வைத்தால், மேல்பக்கத்தில் அந்த ஷீட்டைக் குறிக்கும் பெட்டியின் ஓரத்தில் அதே பெயரில் ஒரு பின் வைக்க வேண்டும். பிறகு பெட்டிகளின் பின்களுக்கிடையே கம்பி வரைய வேண்டும். வேலை கொஞ்சம் கூட, ஆனால் எது எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு மோட்டார் கொண்ட ஒரு சிறு ரோபோ வண்டியை எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கும் சுற்று ஒன்றே என்பதால், ஒரே ஷீட்டை இடது, வலது என இரு தடவை பயன்படுத்தலாம். அதற்குள் கட்டுப்பாட்டுக் கம்பிக்குக் குளோபல் லேபிள் வைத்தால் இரண்டு மோட்டாருக்கும் ஒரே கட்டளைதான் போகும். வண்டி நேரே ஓடும், திரும்பாது. ஹைரார்க்கிக்கல் லேபிள் வைத்திருந்தால் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளை கிடைத்திருக்கும்.

இந்தப் பிழை வரைபடத்தைப் பார்த்தால் தெரியாது. வரைபடத்தில் இல்லாத இணைப்பு பிசிபி பலகையின் செம்பிலும் இருக்காது. தவறாகச் சேர்ந்த இணைப்பு செம்பிலும் சேர்ந்தே வரும். பலகை கைக்கு வந்த பிறகு செம்பைச் சுரண்டி மெல்லிய கம்பி ஒட்ட வேண்டும், அல்லது மீண்டும் காசு கட்டிச் செய்விக்க வேண்டும். ஒப்படைக்கும் தேதி அதற்காகக் காத்திருக்காது.

ஆகவே பலகைக்குக் கொடுக்குமுன் மூன்று வேலைகளைச் செய்வது நல்லது. முதலாவது, மென்பொருளிலுள்ள மின்விதிச் சோதனையை ஓட்டுவது. மேல்பக்கத்தில் பின் இல்லாத ஹைரார்க்கிக்கல் லேபிளை அது காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, எழுத்துகளைக் கவனிப்பது. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கீகாட்டில் வேறு வேறு பெயர்கள். மூன்றாவது, முக்கியமான ஒவ்வொரு கம்பியையும் நிறமிட்டுக் காட்டும் கருவியால் தொட்டு, அது போகவேண்டிய பக்கங்களுக்கு மட்டும் போகிறதா என்று பார்ப்பது. சோதனைக்கு விதிகள்தான் தெரியும், நம் எண்ணம் தெரியாது. அதனால் இந்த மூன்றாவதை விடக் கூடாது.

வேறு மென்பொருளுக்கு மாறினால் விதியும் மாறும். ஓர்கேட்டில் பக்கம் தாண்ட ‘ஆஃப் பேஜ் கனெக்டர்’ வேண்டும். ஆல்டியத்தில் பெயர் எவ்வளவு தூரம் எட்டும் என்பதே செயற்றிட்ட அமைப்பைப் பொறுத்தது. எதிலானாலும் பெயர் வைக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பெயர் எவ்வளவு தூரம் கேட்க வேண்டும்? தேவைக்கு மேல் தூரம் கொடுக்காதிருப்பதே பாதுகாப்பு.