பழைய கஞ்சில் கார்: வைத்திருப்பதா, விற்பதா?

கோல சிலாங்கூர் – பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டக் குடியிருப்புகளில் இன்றும் கஞ்சில் கார்களைப் பார்க்கலாம். மோட்டார் சைக்கிளுக்கு அடுத்தபடியாகப் பல குடும்பங்கள் வாங்கிய முதல் கார் அதுதான். 'எண்ணெய் குடிக்காத வண்டி' என்ற பெயரும் அதற்கு உண்டு. அந்தச் சிக்கனம் எங்கிருந்து வருகிறது, எப்போது காணாமல் போகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கஞ்சில் நம் வட சிலாங்கூரில் பிறந்த கார். ரவாங் அருகே சுங்கை சோவில் உள்ள பெரோடுவா தொழிற்சாலையில் 1994 முதல் 2009 வரை தயாரானது. மலாயில் கஞ்சில் என்றால் சருகுமான். ஜப்பானின் டைஹாட்சு மீரா காரை அடிப்படையாகக் கொண்டது. முதலில் வந்த கஞ்சிலின் இயந்திரம் 659 சிசி. ஜப்பானில் சிறிய கார்களுக்குச் சலுகை தரும் சட்டம் உண்டு. 1990இல் அதன் உச்சவரம்பு 660 சிசி ஆனது. அந்த வரம்புதான் நம் கஞ்சிலின் அளவையும் முடிவு செய்தது.

எண்ணெய்த் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் குட்டிக் கார்களுக்கு மவுசு கூடும். 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் ஐரோப்பாவில் பெட்ரோல் அரிதானபோது, முன்பக்கமே கதவாகத் திறக்கும் இசெட்டா போன்ற கார்களை மக்கள் தேடி வாங்கினர்.

கஞ்சிலின் சிக்கனத்துக்கு முதல் காரணம் எடை. அது ஏறத்தாழ 700 கிலோதான். இன்றைய மைவி சுமார் 1,000 கிலோ. எடை குறைந்தால், நின்று நின்று புறப்படும்போது செலவாகும் சக்தியும் குறையும். ஆனால் வேகம் கூடினால் கதை மாறும். 80 கிலோமீட்டர் வேகத்தைவிட 110இல் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. லாத்தார் நெடுஞ்சாலையில் சிறிய இயந்திரத்தை மூச்சு முட்ட விரட்டினால் சிக்கனத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

வயதும் எண்ணெயைத் தின்னும். தோட்டத்துச் செம்மண் தூசியில் காற்று வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கார்புரேட்டர் சரியாக இல்லையென்றால் தேவைக்கு மேல் பெட்ரோல் இறங்கும். டயரில் காற்று குறைவதும் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்வதும் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. டாங்கியை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு மீண்டும் நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் கணக்கு வந்துவிடும்.

வேலைக்காக நாளுக்கு 60 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 104 லிட்டர் போதும். அதே வண்டி 12 கொடுத்தால் 130 லிட்டர் வேண்டும். 2025 செப்டம்பரில் தொடங்கிய புடி95 திட்டத்தின் 1 வெள்ளி 99 காசு விலையில் பார்த்தாலும் மாதம் 51 வெள்ளிக்கு மேல் வீண். வடிகட்டியும் பிளக்கும் மாற்ற அவ்வளவு ஆகாது.

ஆனால் எண்ணெய்க் கணக்கு மட்டும் போதாது. கஞ்சிலில் காற்றுப்பை இல்லை, தகடும் மெல்லியது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடும் சாலையில் அதுதான் பெரிய ஆபத்து. பின்னிருக்கை பெல்ட் கட்டாயம் என்ற விதி 2009 முதல் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்கு மறக்காமல் போட்டுவிடுங்கள்.

தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தாலும் அந்தக் காரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள். உடல் உறுதியாக இருந்து, தோட்டத்திலிருந்து பள்ளிக்கும் கடைக்கும் மெதுவாகப் போய்வர மட்டும் என்றால், பராமரித்து வைத்துக்கொள்ளலாம். தினமும் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகும் பிள்ளைக்கோ பாதுகாப்பு வசதி கூடிய வண்டியே நல்லது.