பாறையின் எதிரொலி

தேன்கனிக்கோட்டை வட்டாரத்துக் கல் குவாரிகளில் வெடி வைக்கும்போது, பக்கத்து ஊர்களில் பரணில் அடுக்கிய பாத்திரங்கள் ஒருமுறை கலகலத்து ஓய்வதைக் கேட்டவர்கள் அந்த அதிர்ச்சி அத்துடன் தீர்ந்ததென்றே எண்ணுவார்கள். ஆனால் அதில் ஒரு பங்கு ஜவளகிரிக் காட்டு மரங்களின் வேரையும் அதற்கடியிலுள்ள கருங்கல்லையும் கடந்து இறங்கிக்கொண்டே போய், வேறு குணமுள்ள பாறை எதிர்ப்பட்ட இடத்தில் மோதித் திரும்புகிறது. காதுக்குத்தான் அது எட்டுவதில்லை.

அதைப் பிடிக்கும் கருவிக்கு ஜியோஃபோன் என்று பெயர். கைக்கு அடக்கமான ஒரு கூடு, மண்ணில் குத்தி நிறுத்த ஓர் ஆணி, உள்ளே ஒரு காந்தம், ஸ்பிரிங்கில் தொங்கும் கம்பிச்சுருள் ஆகியவையே அதன் அங்கங்கள். நிலம் அசைய, கூடும் காந்தமும் உடன் அசைய, சுருள் மட்டும் தன் ஜடத்துவத்தால் பின்தங்க, அந்த வித்தியாசம் மின்சாரமாகிப் பதிவாகிறது. மாடு நடந்தாலும் லாரி போனாலும் பதிந்துவிடும் என்பதுதான் இதிலுள்ள தொல்லை.

1961இல் ஐதராபாத்தில் நிறுவப்பெற்ற தேசிய புவிபௌதிக ஆராய்ச்சி நிலையத்தார், கிருஷ்ணகிரிக்கு அண்டையிலுள்ள குப்பம் முதல் பழனி வரையிலான நெடுக்கில், துளையிட்டு வெடிமருந்து இறக்கி வெடித்து, இக்கருவிகளை வரிசையாக நட்டு எதிரொலிகளைச் சேகரித்தார்கள். பாறையில் அலை விநாடிக்கு ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் செல்வதால், பதினான்கு விநாடி கழித்து வந்த எதிரொலியைப் போக ஏழு, வர ஏழு என்று பிரித்தால், பூமியின் மேலோடு சுமார் 45 கிலோமீட்டர் ஆழத்தில் முடிகிறதென்று பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடலாம். குரோஷிய விஞ்ஞானி மொஹோரோவிசிக் 1909ஆம் வருஷத்துப் பூகம்பம் ஒன்றின் பதிவுகளிலிருந்து ஊகித்தறிந்த எல்லை இதுவே.

ஆழத்தைவிடச் சாய்வே எனக்கு விசேஷமாகப் படுகிறது. மேட்டூர்ப் பக்கத்தில் அடிப்பாறை அடுக்குகள் வடக்கே ஒரு திசையிலும் தெற்கே எதிர்த்திசையிலும் சரிந்திருக்கக் கண்ட ஆராய்ச்சியாளர்கள், இரு நிலத்துண்டுகள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதி ஒட்டிய தழும்பு இதுவென அபிப்பிராயப்பட்டார்கள்.

இத்தனை புராதனமான பாறை இப்போது சாந்தமாயிருப்பதும் தொலைதூர அதிர்வுகளைப் பிடிக்க ஓர் உபகாரமே. பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில், டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்தார் 1965இல் 20 கருவிகளை ‘ட’ எழுத்தின் வடிவில் பரப்பிவைத்தார்கள். கண்டம் தாண்டி நடக்கும் அணுகுண்டுச் சோதனையையும், பூகம்பத்தையும், அண்டைக் குவாரி வெடியையும் பிரித்தறிவது அங்குள்ளோர் தொழில்.

அடுத்த முறை குவாரி வெடி கேட்டால், நிதானமாகப் பதினான்கு எண்ணிப் பாருங்கள். எண்ணி முடிக்கையில், மேலோட்டின் அடியைத் தொட்ட அலை உங்கள் காலடிக்குத் திரும்பியிருக்கும்.