குற்றவியலில் முனைவர் பட்டம்

மேற்படிப்பு என்றதும் மருத்துவம், பொறியியல், சட்டம் என்றே நம் இல்லங்களில் பேச்சு எழுகிறது. ‘நான் குற்றவியலில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெறப்போகிறேன்’ என்று மகனோ மகளோ சொன்னால் பெற்றோர் திகைக்கின்றனர். ‘போலீஸ் வேலைக்கா?’ என்று தந்தை கேட்பார். ‘கொலைகாரர்களோடு உனக்கென்ன பேச்சு?’ என்று தாய் கலங்குவார். இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பது நன்று.

துப்பறிதல் அன்று

குற்றம் செய்தவர் யார் என்று கண்டுபிடிப்பது காவல்துறையின் பணி. இரத்தத் துளியையும் தோட்டாவையும் சோதிப்பது தடய அறிவியலின் பணி. குற்றவியலோ வேறு வினாக்களை எழுப்புகிறது. ஒருவர் ஏன் குற்றத்தில் வீழ்கிறார்? தண்டனை அவரைத் திருத்துகிறதா? சிறையினின்று மீண்டவர் ஏன் மறுபடியும் அங்கே செல்கிறார்? பாதிக்கப்பட்டவரின் குடும்பத்திற்கு நீதிமன்றத்தில் என்ன ஆறுதல் கிடைக்கிறது? இத்தகைய வினாக்களுள் சிறியதொன்றை எடுத்துக்கொண்டு, அதற்குப் புதியதொரு விடையைச் சான்றுகளோடு நிறுவுவதே முனைவர் ஆய்வு.

ஆராயாத முடிவின் விலை

இத்தனை உழைப்பு எதற்கு என்று கேட்கலாம். 1876-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் சேசரே லொம்புரோசோ, மண்டையோடு, தாடை முதலியவற்றின் அமைப்பைக் கொண்டு பிறவிக் குற்றவாளியை அறியலாம் என்று எழுதினார். படித்தோர் பலர் அதை நம்பினர். ஆங்கிலேயச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங், ஏறத்தாழ 3,000 கைதிகளின் உடல் அளவுகளைப் பிறருடைய அளவுகளோடு ஒப்பிட்டு, அப்படியொரு தனியினம் இல்லை என்று 1913-இல் காட்டினார்.

பிறப்பே ஒருவரைக் குற்றவாளியாக்கும் என்னும் எண்ணம், நம் நாட்டில் அதற்கு முன்பே சட்டமாகிவிட்டது. ஆங்கில அரசு 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. குற்றமே செய்யாதவரும் கைரேகை பதிய வேண்டும் என்ற நிலை உண்டாயிற்று. அதனை எதிர்த்த மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அச்சட்டம் நாடு முழுவதும் நீங்கியது 1952-இல்தான். சான்றின்றிச் சொல்லப்படும் ஒரு முடிவு தலைமுறைகளையே வதைக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

தகுதியும் காலமும்

சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் உள்ளன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். நான்காண்டு இளங்கலைப் படிப்பை 75 விழுக்காட்டோடு முடித்தவரும் சேரலாம். ஒடுக்கப்பட்ட, பிற்பட்ட வகுப்பினர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. குறைந்த காலம் மூன்றாண்டு. பொதுவான உச்ச வரம்பு ஆறாண்டு. தேசியத் தகுதித் தேர்வில் குற்றவியலும் ஒரு பாடம். அதில் முன்னணியில் தேறுவோர்க்கு ஆய்வு உதவித்தொகை கிடைக்கும். அது கிடைக்காதவரை வீடே தாங்க வேண்டியிருக்கலாம் என்பதையும் பெற்றோர் முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை என்னும் சுமை

இனித் தாயின் கலக்கத்திற்கு வருவோம். சிறைக்குள் ஆய்வாளர் தம் விருப்பம்போல் நுழைய முடியாது. பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழுவும் சிறைத்துறையும் இசைவு தர வேண்டும். அதன் பின்னரே உண்மையான சோதனை தொடங்குகிறது. ‘பேச மறுத்தால் பரோல் கிடைக்காதோ?’ என்று கைதி அஞ்சக்கூடும். ‘மறுக்க உமக்கு உரிமை உண்டு, மறுத்தால் தீங்கு வராது’ என்று அவருக்கு விளங்கும்படி சொல்வது ஆய்வாளரின் முதற் கடமை. அவருடைய பெயரை மறைத்து எண் இடுவது அடுத்த கடமை.

அமெரிக்காவில் ரிக் ஸ்கார்ஸ் என்ற சமூகவியல் முனைவர் பட்ட மாணவர், சுற்றுச்சூழல் போராளிகளைப்பற்றி ஆராய்ந்து வந்தார். அவர்கள் நம்பிக் கூறியதை வெளியிட மறுத்தமையால், 1993-இல் 159 நாள் சிறையிருந்தார். இறுதிவரை வாய்திறவாமலே வெளிவந்தார்.

ஆனால் எல்லா இரகசியத்தையும் காப்பேன் என்று நம் நாட்டு ஆய்வாளர் வாக்களிக்க இயலாது. வழக்கறிஞர்க்குச் சட்டம் தரும் பாதுகாப்பு அவருக்கு இல்லை. குழந்தைமீது பாலியல் குற்றம் நிகழ்ந்ததாக அறிந்தவர் எவராயினும் தெரிவித்தே ஆகவேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். எனவே, எதைக் காக்க முடியும், எதைக் காக்க முடியாது என்பதைப் பேச்சுத் தொடங்குமுன் சொல்லிவிடுவதே நேர்மை. அதனால் சில செய்திகள் கிடைக்காமற் போகலாம். போகட்டும், ஏமாற்றிப் பெற்ற உண்மையைக் கொண்டு பட்டம் பெறுவதில் என்ன பெருமை?

பெற்றோர்க்கு ஒரு சொல்

இத்துறையில் வேலைகள் மிகுதி என்று சொல்வதற்கில்லை. ஆயினும் கல்லூரிகளிலும், சிறார் நலப் பணியிலும், சிறைச் சீர்திருத்தத்திலும், பாதிக்கப்பட்டோர்க்கு உதவும் அமைப்புகளிலும் இவ்வறிவுக்கு இடமுண்டு. பிள்ளை இவ்வழியைக் கேட்டால் ‘எவ்வளவு சம்பளம்?’ என்று கேளுங்கள், தவறில்லை. அதனோடு மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேளுங்கள். பிறர் துயரைப் பொறுமையோடு கேட்பாயா? கேட்டதை ஊரில் பரப்பாதிருப்பாயா? நீ எண்ணியதற்கு மாறாகச் சான்று கிடைத்தால் அதை அப்படியே எழுதுவாயா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று சொல்லும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.