சவலை, தோஷம், குறைபாடு: குழந்தை மெலிவு குறித்த சொற்களும் நம்பிக்கைகளும்

1. முன்னுரை

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975இல் தொடங்கப்பட்டது முதல் 'ஊட்டச்சத்துக் குறைபாடு' என்னும் தொடர் நலவாழ்வுத் துண்டறிக்கைகளில் பெருவழக்காக இடம்பெற்று வருகின்றது. எனினும் தமிழகச் சிற்றூர்த் தாய்மார் குழந்தையின் மெலிவைக் குறிக்க வழங்கும் சொற்கள் வேறு. அவை நோயின் பெயராக மட்டும் அமையாமல், அதன் காரணத்தையும் தீர்வையும் உடன் சுட்டுகின்றன. மொழிபெயர்ப்பாளர் இதனை உணர்தல் இன்றியமையாதது.

2. சவலை

தாய் மீண்டும் கருவுற்றதால் பால்குடி மறக்கடிக்கப்பட்டு மெலிந்த குழந்தை 'சவலைப் பிள்ளை' எனப்படும். கருவுற்றவளின் பால் குழந்தைக்கு ஆகாது என்னும் நம்பிக்கை இதன் பின்புலமாகும். கானா நாட்டுக் கா மொழிச் சொல்லாகிய 'குவாஷியோர்கர்' இதற்கு நெருங்கிய இணையாகும். அடுத்த குழந்தையின் வரவால் இடம் இழந்த குழந்தையின் நோய் என்பது அதன் பொருள். சிசிலி வில்லியம்ஸ் 1935இல் அச்சொல்லை மருத்துவ உலகிற்கு அறிமுகப்படுத்தினார். அது கலைச்சொல்லாயிற்று, சவலையோ பேச்சு வழக்கிலேயே நின்றுவிட்டது. அடுத்தடுத்த பேறும் திடீரெனப் பால் நிறுத்துதலும் குழந்தையை நலிவிக்கும் என்பதை மருத்துவமும் ஏற்கின்றது. ஆகவே இச்சொல்லில் பிழையான கூறு பாலைப் பற்றியது மட்டுமே. கருவுற்ற காலத்திலும் பொதுவாகப் பாலூட்டலாம்.

3. தோஷம்

'குழந்தைக்குத் தோஷம் தட்டிவிட்டது' என்னும் தொடரில் உணவுக்கு இடமே இல்லை. நோய் புறத்திலிருந்து வந்து தீண்டுவது. தீட்டுடையவரின் நிழலோ கண்ணேறோ அதன் காரணம். எனவே தீர்வும் மந்திரித்தலாகவும் தாயத்தாகவும் அமைகின்றது. இந்தி வழக்கிலுள்ள 'சூக்கா ரோக்' உலர்ச்சி நோய் எனப் பொருள்படும். 'மராஸ்மஸ்' என்பதன் கிரேக்க மூலமும் வாடுதலையே குறிக்கும். மெலிவை மட்டும் நோக்கும் இத்தகைய சொற்களில் வீக்கம் அடங்குவதில்லை. இரு பாதங்களிலும் நீர்கோத்து வீங்குதல் கடும் ஊட்டக்குறைவின் அறிகுறி. ஆயினும் அக்குழந்தை கொழுத்திருப்பதாகவே கருதப்படக்கூடும்.

4. குறைபாடு

பேச்சு வழக்கில் 'குறை' என்பது ஊனத்தையும் பழியையும் சுட்டும். 'உங்கள் குழந்தைக்குக் குறைபாடு உள்ளது' என்னும் கூற்றைத் தாய் பிறவிக் குறையாகவோ தன் வளர்ப்பின் மீதான குற்றச்சாட்டாகவோ கொள்ள இடமுண்டு. வறுமையால் நேர்ந்ததற்கும் அவளே பொறுப்பாளியாகின்றாள்.

5. முடிவுரை

எனவே, தாயின் சொல்லை விலக்கிவிட்டுக் கலைச்சொல்லைப் புகுத்துதல் பயன் தராது. 'சவலை பாய்ந்த பிள்ளைக்குக் கூடுதல் உணவு வேண்டும்; கால் வீங்கினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்' என அவள் சொல்லிலிருந்தே தொடங்குதல் நன்று. இங்குச் சொல் தேர்வு, மந்திரிப்பவரிடம் செல்லும் தாய் மருத்துவமனைக்கும் செல்வாளா என்பதையும் தீர்மானிக்கக்கூடியதாகும்.