உங்களுக்குத் தெரியுமா? மார்கழியில் கோழியை வாட்டுவது குளிரைவிட ஈரம்தான்

மார்கழிப் பனி இறங்கியதும் கோழிக்கூட்டை நாலாபுறமும் சாக்கால் மூடிவிடத் தோன்றும். அக்கறைதான், ஆனால் செங்கல்பட்டுப் பக்கத்தில் வளர்ந்த கோழிக்கு அதனால் கெடுதலே அதிகம். கோழியின் உடல்வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். இறகைச் சிலிர்த்து, இடையில் காற்றைப் பிடித்துவைத்தே அது குளிரைத் தாங்குகிறது. மாமல்லபுரக் கரையில் தை மாத இரவும் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை இறகையும் தரையையும் நனைத்துவிடுகிறது. நனைந்த இறகு வெப்பத்தைக் காக்காது. ஈரக் கூளத்தில் எச்சம் மக்கி அமோனியா கிளம்பும். ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணி வீரியம் பெறுவதும் அங்கேதான். மூடிய கூட்டில் இந்த இரண்டும் பெருகும்.

மூடாவிட்டால் ஊதல்காற்று அடிக்காதா என்று கேட்கலாம். அடிக்கும். அதற்காகச் சாரல் வரும் வடகிழக்குப் பக்கத்தை மறைத்து, தென்மேற்கில் கூரையையொட்டி இடைவெளி விட்டால் போதும். குஞ்சுகளின் கதை வேறு: முதல் வாரத்தில் அவற்றுக்கு 32 டிகிரிக்குக் குறையாத வெப்பம் வேண்டும், தாய்க்கோழி இல்லையென்றால் மின்விளக்கு கட்டாயம். கடற்கரை மணலில் நீர் சீக்கிரம் வடிந்துவிடும். ஏரிப்பாசனக் களிமண்ணில் வடியாது; அங்கே கூட்டின் தரையை உயர்த்தி, நெல் உமியை அடிக்கடி கிளறி, நனைந்ததை அன்றன்றே அள்ளிவிட வேண்டும்.