குழப்படிப் பிள்ளையும் களைத்துப்போன தாயும்

பாடசாலை விட்டு வந்த எட்டு வயது மகன் புத்தகப் பையைக் கிணற்றடியில் எறிந்துவிட்டு வேலிக்கு மேலால் பாய்ந்து ஓடுகிறான். அடுப்பில் சோறு, இடுப்பில் சின்னவள். தகப்பன் கூலி வேலைக்குப் போய்விட்டார். தாய் பூவரசந்தடியை முறித்து அடிக்கிறார். பிறகு குசினிக்குள் இருந்து தானே அழுகிறார். இடம்பெயர்ந்தோர் குடியிருப்புகளில் நாம் பலமுறை கண்ட காட்சி இது. "இவன் நித்திரையானாப் பிறகுதான் சுவாமி நான் மூச்சு விடுறது" என்று அந்தத் தாய் எம்மிடம் சொன்னார்.

இத்தகைய பிள்ளைகளுள் சிலருக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் அவதானக் குறைவும் மிகைத் துடிப்பும் கொண்ட நிலை இருக்கலாம். உலகளவில் நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய 5 பேருக்கு இது உண்டென ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய இந்நிலையில் பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு. தாயின் வளர்ப்புப் பிழையால் இது வருவதில்லை. இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மாமியாரும் அயலவரும், சில வேளைகளில் ஆசிரியரும், சொல்லாமற் சொல்வது "தாய் சரியில்லை" என்பதையே.

குழப்படி செய்யும் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்நிலை என்று எண்ணிவிடவும் கூடாது. 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீட்டிலும் பாடசாலையிலுமாக ஆறு மாதமாவது நீடித்தால்தான் வைத்தியர்கள் இதனைக் கருத்தில் எடுப்பர். 2009 வரை ஷெல்லடிக்குள் வளர்ந்த பிள்ளைகளிடம் பயமும் நித்திரைக் குழப்பமும் இதே தோற்றத்தைக் காட்டியதுண்டு. காது சரியாகக் கேளாமை, பசி, வீட்டில் நடக்கும் அடிதடி ஆகியவையும் அப்படியே. ஆகவே குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு, பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வைத்தியர் மருந்து தந்தால் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இனித் தாயின் பக்கம் வருவோம். "ஓய்வெடுங்கள்" என்று சொல்வது எமக்கு இலகு. குருமனையில் சோறு சமைத்துத் தர ஆள் இருக்கிறது. உங்களுக்கு ஓய்வு தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். இரண்டு தாய்மார் பேசி மாறி மாறிப் பிள்ளைகளைப் பார்க்கலாம். வயல் வேலைக்குக் கைமாற்று ஆள் விடுவது எமக்குப் புதிதல்லவே. தகப்பன் இருந்தால் கிழமையில் ஒரு மாலையாவது மகனைத் தோட்டத்துக்குக் கூட்டிச் செல்லட்டும். கணவரை இழந்த தாய்மாருக்கு இந்தக் கைமாற்று இன்னும் அவசியம்.

தடியை எடுக்கக் கை போகும்போது, பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று கண்டால், வாசலுக்கு வந்துவிடுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள்; பத்துத் தடவை. இரவில் படுத்தபடி கையை இறுகப் பொத்தித் தளர விடுங்கள். பின்பு தோள், வயிறு, கால். அமெரிக்க வைத்தியர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929 இல் நூலாக வெளியிட்ட முறை இது. காசு செலவில்லை.

பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும், முகம் பார்த்துச் சொல்லுங்கள். செய்தவுடன் பாராட்டுங்கள். வீட்டுப்பாடத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாக்குங்கள். இடையில் கோழிக்குத் தீன் போட விடுங்கள். இப்பிள்ளைகள் யோசிக்குமுன் பாய்ந்துவிடுவார்கள். கட்டில்லாத கிணற்றை மூடுங்கள், கிருமிநாசினிப் போத்தல்களைப் பூட்டி வையுங்கள். அந்தப் பயம் குறைந்தாலே தாயின் பாரத்தில் ஒரு பங்கு குறையும்.

ஆயினும் இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரையும் பசியும் இல்லை, எதிலும் விருப்பமில்லை, செத்தால் நல்லது என்று நினைவு வருகிறது என்றால் அது வெறும் களைப்பன்று. மாற்றக்கூடிய நோய் அது. உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

மேலே சொன்ன தாயை அண்மையில் மீண்டும் கண்டோம். செவ்வாயும் வெள்ளியும் ஒரு மணித்தியாலம் மகன் பக்கத்து வீட்டு அக்காவிடம் நிற்கிறான். அவருடைய மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். நாலைந்தை மிதித்தும் விட்டானாம். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டோம். "தலைக்கு எண்ணெய் வைச்சு முழுகுவன் சுவாமி. வேறை ஒண்டுமில்லை" என்றார்.