கணினிக்குள் புகும் விளம்பர மென்பொருள்: நீக்கும் முறையும் சட்டம் தரும் பாதுகாப்பும்

கணினிக்கு உரியவர் கேட்காமலே திரையில் விளம்பரங்களைக் கொட்டும் நிரலுக்கு ஆட்வேர் என்று பெயர். பிரவுசரின் முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்றிவிட்டு, தட்டச்சு செய்யும் ஒவ்வொரு தேடலையும் தனக்குக் காசு தரும் பக்கத்தின் வழியாகத் திருப்பிவிடுவது பிரவுசர் ஹைஜாக்கர். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. கூகுளில் தேடினால் பெயர் தெரியாத வேறொரு தேடுபக்கம் திறக்கும். முகப்புப் பக்கத்தை எத்தனை முறை சரிசெய்தாலும் மறுநாள் பழையபடி நிற்கும். யாரும் நிறுவாத எக்ஸ்டென்ஷன் ஒன்று பட்டியலில் இருக்கும். பிரவுசரே திறக்காத நேரத்திலும் திரையின் வலது கீழ் மூலையில் பரிசு, கடன், வைரஸ் என்று ஏதாவது அறிவிப்பு வந்து விழும்.

இதன் பின்னால் இருப்பது கமிஷன் வியாபாரம். ஒரு தேடலைத் திருப்பிவிட்டால் சில காசு, ஒரு விளம்பரத்தைச் சொடுக்க வைத்தால் இன்னும் சில காசு. ஒரு கணினியில் கிடைப்பது அற்பம். லட்சக்கணக்கான கணினிகளில் கூடும்போது அது பெரும் வருமானம். அதனால்தான் இந்த நிரல்கள் கணினியை முடக்குவதில்லை. வேலை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், விளம்பரமும் ஓட வேண்டும் என்பதே அவற்றின் கணக்கு. பாதிக்கப்பட்டவரும் 'கொஞ்சம் தொல்லைதானே' என்று மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார். இந்தப் பொறுமைதான் ஆபத்து.

உள்ளே வரும் வழி பெரும்பாலும் இலவசப் பதிவிறக்கம். விருதுநகர் மாவட்டத்தில் இதற்கு மிக எளிதாக ஆளாகக்கூடியவை சிவகாசி, திருத்தங்கல் பகுதி அச்சகங்களைச் சார்ந்து இயங்கும் டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) கணினிகள். ஆடிப்பெருக்கன்று புத்தாண்டு காலண்டர் ஆல்பங்கள் வெளியாவது சிவகாசியின் வழக்கம். அன்று தொடங்கும் ஆர்டர் டிசம்பர் வரை ஓயாது. பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிளும் விலைப்பட்டியலும் அதே மாதங்களில் சேர்ந்துகொள்ளும். வாடிக்கையாளர் அனுப்பிய கோப்பு ஏதோ ஒரு பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கும். அது கடையில் இருக்காது. பிடிஎஃப் கோப்பைப் பிரிக்க வேண்டியிருக்கும். அவசரத்தில் தேடும்போது முதலில் கண்ணில் படும் பச்சை நிற 'டவுன்லோட்' பொத்தான், பல நேரங்களில் எழுத்துருவுக்கு உரியதாக இருப்பதில்லை; அருகில் உள்ள விளம்பரத்துக்கு உரியது.

எழுத்துருக் கோப்பின் பெயர் பொதுவாக டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்று முடியும். எழுத்துரு கேட்ட இடத்தில் இ.எக்ஸ்.இ என்று முடியும் கோப்பு இறங்கினால் அதைத் திறக்காமல் அழித்துவிட வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துருக்களையும் விசைப்பலகை மென்பொருளையும் இலவசமாகவே தருகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்றவை கூகுள் ஃபான்ட்ஸில் வணிகப் பயன்பாட்டுக்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. விலை கொடுத்து வாங்க வேண்டிய வடிவமைப்பு மென்பொருளை 'கிராக்' செய்து தரும் கோப்புகள் மிக மோசமான வழி. அவற்றை நிறுவ ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அணைத்த அந்த நிமிடத்தில் வீட்டுக்கதவு திறந்துவிடப்படுகிறது.

முறையான இலவச மென்பொருளின் நிறுவல் திரையிலும் பொறி உண்டு. 'எக்ஸ்பிரஸ் இன்ஸ்டால்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், முன்கூட்டியே டிக் செய்யப்பட்ட பெட்டிகளில் இருக்கும் கூட்டு மென்பொருள்கள் அனைத்தும் சேர்ந்து இறங்கும். 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே அந்தப் பெட்டிகள் தெரியும். வேறொருவர் போட்ட டிக்கைப் பயனரின் சம்மதம் என்று காட்டுவதுதான் இந்தத் தொழிலின் அடித்தளம்.

இதன் வீச்சை 2017 ஜூனில் செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது. பெய்ஜிங்கைச் சேர்ந்த ராஃபோடெக் என்ற விளம்பர நிறுவனம் இலவச மென்பொருள்களுடன் சேர்த்துப் பரப்பிய 'ஃபயர்பால்', உலகில் 25 கோடி கணினிகளில் இருப்பதாகவும், அதில் 2.53 கோடி இந்தியாவில் இருப்பதாகவும் அது மதிப்பிட்டது. பாதிப்பில் இந்தியாவுக்கே முதலிடம். எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. எண்ணிக்கை எதுவானாலும், முகப்புப் பக்கத்தை மாற்றுவதோடு நிற்காமல் வேறு எந்த நிரலையும் பதிவிறக்கி இயக்கும் ஆற்றல் ஃபயர்பாலுக்கு இருந்தது என்பதே கவனிக்க வேண்டியது. விளம்பரம் காட்ட வந்தவர் நினைத்தால் மறுநாள் கடவுச்சொல்லைத் திருடும் நிரலையும் இறக்கலாம்.

புதுக் கணினிகூட விதிவிலக்கல்ல. 2014-15இல் லெனோவா தன் மடிக்கணினிகள் சிலவற்றில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர மென்பொருளை நிறுவியே விற்றது. பூட்டுக்குறி உள்ள பாதுகாப்பான இணையத் தொடர்புக்கு நடுவிலும் அது புகுந்து விளம்பரம் செருகியது. அதற்காக அது பயன்படுத்திய சாவி எல்லா மடிக்கணினிகளிலும் ஒன்றே என்பதால், அந்தச் சாவி கிடைத்த எவரும் வங்கித் தளத்தைப் போல நடிக்க முடிந்தது. இது தொடர்பாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் தொடுத்த வழக்கு 2017இல் சமரசத்தில் முடிந்தது.

பட்டாசு வட்டாரத்துக்கென்றே ஓர் ஆபத்தும் உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் 'சிவகாசி பட்டாசு விலைப்பட்டியல்' என்று தேடுவோர் ஏராளம். தேடுபொறி கடத்தப்பட்ட கணினியில் முதல் வரிகளில் வருவது, காசு கொடுத்து நுழைந்த விளம்பரம். நம்ப முடியாத தள்ளுபடி, வாட்ஸ்அப்பில் மட்டும் பேச்சு, முன்பணம் தனிநபர் யுபிஐ கணக்குக்கு. பிறகு சரக்கும் வராது, எண்ணும் இயங்காது. இத்தகைய போலித் தளங்களைப் பற்றித் தமிழ்நாடு காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவு எச்சரித்திருக்கிறது. மின்வணிகத் தளங்கள் பட்டாசுக்கு இணையத்தில் ஆர்டர் எடுக்கவோ விற்கவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று உத்தரவிட்டது. ஆகவே 'ஆன்லைனில் பட்டாசு' என்று வரும் விளம்பரத்தை அப்போதே சந்தேகிக்கலாம். ஏமாந்தவருக்குப் பணம் போகிறது. பெயர் திருடப்பட்ட உண்மையான சிவகாசிக் கடைக்கோ பல ஆண்டு நம்பிக்கை போகிறது.

நீக்கும் வேலையைத் தொடங்குமுன் சான்றுகளை எடுத்து வைக்க வேண்டும். திருப்பிவிடப்படும் பக்கத்தின் முகவரி, ஐயத்துக்குரிய மென்பொருளின் பெயர், அதை வெளியிட்டவர் பெயர், நிறுவப்பட்ட தேதி ஆகியவை தெரியும் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்தாலே போதும். நீக்கிய பின் இவை கிடைக்காது. கணினி சுத்தமாகும் வரை அதில் வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது.

நீக்குவதில் வரிசை முக்கியம். பலர் முதலில் பிரவுசரைச் சரிசெய்கிறார்கள்; விண்டோஸுக்குள் இருக்கும் நிரல் அரை மணி நேரத்தில் அதை மீண்டும் கெடுத்துவிடுகிறது. வேரை முதலில் பிடுங்க வேண்டும். அதற்கும் முன்பு குரோம் அல்லது எட்ஜில் 'சிங்க்' வசதியை நிறுத்துவது நல்லது. இல்லாவிட்டால் நீக்கிய எக்ஸ்டென்ஷன் இன்னொரு கணினியிலிருந்து கணக்கு வழியாகத் திரும்பி வரும்.

விண்டோஸின் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்தினால் தொல்லை தொடங்கிய நாளில் நுழைந்தவை ஒன்றாகத் தெரியும். டூல்பார், கூப்பன், பிசி வேகமாக்கி, டிரைவர் அப்டேட்டர் என்ற பெயர்களில் வந்தவற்றை முதலில் நீக்கலாம். பெயர் புரியாத எல்லாவற்றையும் நீக்கிவிடுவதும் தவறு. பிரின்டர், ஸ்கேனர், பிளேட் எடுக்கும் இயந்திரம் ஆகியவற்றின் மென்பொருள்களும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும். அடுத்து டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்-அப் பகுதியையும் டாஸ்க் ஷெட்யூலரையும் பார்க்க வேண்டும். நீக்கிய நிரலை மீண்டும் இறக்கும் கட்டளை பெரும்பாலும் டாஸ்க் ஷெட்யூலரில்தான் ஒளிந்திருக்கும்.

அதன்பின் ஸ்கேன். விண்டோஸுடன் வரும் டிஃபென்டரில், 'ரெப்யூடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன்' பகுதியில் வேண்டாத மென்பொருளைத் தடுக்கும் சுவிட்ச் இயங்குகிறதா என்று பார்த்து, முழு ஸ்கேன் ஓட்ட வேண்டும். பிடிவாதமான நிரலுக்கு டிஃபென்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் உதவும். விண்டோஸ் முழுமையாகத் தொடங்குமுன்பே அது சோதிப்பதால் நிரலுக்குத் தற்காத்துக்கொள்ள வாய்ப்பில்லை. இன்னொரு கருவியும் தேவைப்பட்டால் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் இலவச ஆட்வ்கிளீனர் இதற்கென்றே அமைந்தது. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். இத்தகைய கருவிகளின் பெயரில் போலிகளும் உலவுகின்றன. இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன், 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திராவும் நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது.

பிறகே பிரவுசர். தெரியாத எக்ஸ்டென்ஷன்களை நீக்கி, தள அமைப்புகளில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பட்டியலைப் பார்க்க வேண்டும். மூலையில் வரும் விளம்பரங்களில் பல, என்றோ ஒருநாள் 'அலவ்' என்று அழுத்தியதன் விளைவு. அவற்றை நீக்க வேறெதுவும் தேவையில்லை, அந்தத் தளத்தின் அனுமதியை ரத்து செய்தால் நின்றுவிடும். டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஷார்ட்கட்டின் 'புராப்பர்டீஸ்' பகுதியில், டார்கெட் வரி வழக்கமாக குரோம் டாட் இ.எக்ஸ்.இ என்பதோடு முடியும். அதற்குப் பின் இணைய முகவரி ஒட்டியிருந்தால் அதை அழிக்க வேண்டும். வீட்டுக் கணினியில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற பொருளில் ஆங்கில வரி தெரிந்தால், விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த நிரல் கட்டளை எழுதியிருக்கக்கூடும். ரெஜிஸ்ட்ரியில் பழக்கமில்லாதவர் கை வைக்காமல் இருப்பதே நல்லது. தெரிந்தவரிடம் கொடுப்பதில் தவறில்லை. நெட்வொர்க் அமைப்பில் யாரும் போடாத பிராக்ஸி முகவரி இருக்கிறதா என்றும் பார்த்த பின், கடைசியாக பிரவுசரை 'ரீசெட்' செய்யலாம். புக்மார்க்குகளும் சேமித்த கடவுச்சொற்களும் அழியாது.

இவ்வளவுக்குப் பின்னும் தொல்லை திரும்பினால், வேலைக் கோப்புகளை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே நேரத்தை மிச்சப்படுத்தும். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. பழைய கணினியை வைத்திருப்போர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சுத்தமான வேறொரு சாதனத்திலிருந்து மின்னஞ்சல், வங்கி, ஜிஎஸ்டி கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றுவதோடுதான் வேலை முடிகிறது.

'உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று அலறும் திரை தனி வகை. மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது. டாஸ்க் மேனேஜர் வழியாக பிரவுசரை மூடினால் அந்தத் திரை போய்விடும். அந்த எண்ணை அழைத்தவரிடம், தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொல்லி, மோசடிக்காரர்கள் கணினியையே கையில் எடுத்துக்கொள்வார்கள்.

இத்தகைய மோசடியில் பணம் போயிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகருமுன் முடக்க முயல்வதே அந்த எண்ணின் வேலை. தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் வாய்ப்பைக் குறைக்கும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும், மாவட்ட இணையக் குற்றக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். வங்கிக்குத் தனியே தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளர் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் தரப்பின் ஊடுருவலால் பணம் போய், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதி வகுத்தது. ஓடிபியைத் தானே சொன்னவருக்கு இது பொருந்தாது. அவர் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது.

பணம் போகாவிட்டாலும் குற்றம் குற்றமே. உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினிக்குள் 'கணினி மாசு' புகுத்துவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு தடுக்கிறது. கணினியின் இயல்பான இயக்கத்தை எந்த வழியிலாவது அபகரிக்கும் கட்டளைகளும் மாசு என்ற வரையறைக்குள் வருகின்றன. பிரவுசர் ஹைஜாக்கருக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடையாது. நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐந்து கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர், தீர்ப்பளிக்கும் அலுவலராக விசாரிக்கிறார்.

'அனுமதியின்றி' என்ற சொல்லில்தான் இத்தகைய நிறுவனங்கள் தப்பப் பார்க்கின்றன. பயனர் டிக்கை எடுக்காததே அனுமதி என்கின்றன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த இடைவெளியை ஓரளவு அடைக்கிறது. நுகர்வோரைத் திசைதிருப்பும் 13 ஏமாற்று வடிவமைப்புகளை அது தடை செய்தது. வைரஸ் இருப்பதாகப் பயமுறுத்திப் போலி நீக்கியை விற்பது அவற்றில் ஒன்று. செய்தியைப் போல உருமாறி வரும் விளம்பரமும் ஒன்று. இவற்றைத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் தெரிவிக்கலாம்.

விற்ற கடையோ பழுது பார்த்தவரோ இத்தகைய மென்பொருளை ஏற்றிக் கொடுத்திருந்தால் அது சேவைக் குறைபாடு. ரசீதோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்கி, தானே பயன்படுத்துபவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. ஒற்றைக் கணினியை வைத்து லேபிளும் காலண்டரும் வடிவமைத்துப் பிழைக்கும் டி.டி.பி. தொழிலாளிக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.